ஸ்விங்கருக்குள் ஒரு முறை போய்ப் பார், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தோம். அப்பாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. போனில் பேசினால் உன் லேப், உன் தூக்கம் என்றே நேரம் போய்விடுகிறது. நீ வேலைக்குப் போயிருந்த பகலில் உன் ஜெர்மன் ஊரான டிரெஸ்டனில் நாங்கள் பார்த்ததை உட்கார்ந்து சொல்லவே வாய்க்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

டிராம் பிடிக்க ஸ்விங்கர் மாளிகை முற்றத்தின் குறுக்கேதான் நடந்து போகிறாய், ஆனால் உள்ளே போனதில்லை என்றாய். எனக்கு மனசே கேட்கவில்லை. அந்தக் காலத்துச் சாக்சனி நாட்டை ஆண்ட அகஸ்டஸ் மன்னர் முதலில் ஆரஞ்சு மரங்களைக் குளிர்காலத்தில் காப்பாற்றத்தான் அங்கே கட்ட ஆரம்பித்திருக்கிறார். அப்புறம் ஆசை வளர்ந்து, 1719-இல் மகனின் கல்யாணக் கொண்டாட்டத்தை நடத்தும் மாளிகையாகிவிட்டது. வரைபடம் பொப்பெல்மானுடையது, சிற்பம் பெர்மோசருடையது. படிக்கட்டுப் பக்கத்து மண்டபத்தைத் தோளில் தாங்கி நிற்கிற உருவங்களை அண்ணாந்து பார். ஒவ்வொரு முகமும் ஒரு மாதிரி. ஒருவன் சிரிக்கிறான், ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டு சுமக்கிறான்.

கல்லின் நிறத்தையும் கவனி. அந்த மணற்கல் வெயிலிலும் மழையிலும் நிற்க நிற்கக் கறுத்துவிடுமாம். வெளுத்துத் தெரிவதெல்லாம் பின்னாளில் வைத்த கல். ஹூபர்ட் எர்மிஷ் என்ற கட்டடக் கலைஞர் 1924 முதல் 1936 வரை அந்த மாளிகை முழுவதையும் செப்பனிட்டார். ஒன்பதே வருஷத்தில், 1945 பிப்ரவரியில், குண்டுவீச்சில் எல்லாம் நொறுங்கிவிட்டது. அதே மனிதர் அந்த வருஷமே மறுபடி வேலையைத் தொடங்கினார். வேலை முடிவதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. அந்த முற்றத்தில் மன்னர் பெயரைவிட இவர் பெயரைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொண்டேன்.

உள்ளே ஓவியக்கூடத்தில் எல்லாரும் ரஃபேலின் மாதாவைத் தேடித்தான் போகிறார்கள். அழகுதான், கூட்டமும் அதிகம். நீ டச்சு ஓவியர் வெர்மீரின் படத்துக்குப் போ. திறந்த ஜன்னல் ஓரம் ஒரு பெண் நின்று கடிதம் படிக்கிறாள். அவள் முகம் ஜன்னல் கண்ணாடியில் மங்கலாகத் தெரிகிறது. முன்னால் கம்பளத்தின் மேல் பழத்தட்டு சாய்ந்து கிடக்கிறது. அவள் பின்னால் இருந்த சுவர் ரொம்ப காலம் வெறும் சுவராகத்தான் இருந்தது. 1979-இல் எக்ஸ்ரே எடுத்தபோது அதற்கு அடியில் ஒரு மன்மதன் இருப்பது தெரிந்தது. வெர்மீரே வேண்டாம் என்று அழித்திருப்பார் என்றுதான் நினைத்தார்கள். பிறகு சோதித்தபோது, மன்மதனுக்கும் மேல்பூச்சுக்கும் நடுவே பழைய வார்னிஷும் அழுக்கும் இருந்தன. அப்படியென்றால் அவர் இறந்து பல காலம் கழித்து வேறு யாரோ பூசியது! நுண்ணோக்கி வைத்து, சிறு கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்து, 2021-இல் முழுப் படத்தையும் காட்சிக்கு வைத்தார்கள். மன்மதன் காலடியில் முகமூடி மிதிபட்டுக் கிடக்கிறது. இப்போது அவள் படிப்பது என்ன கடிதம் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. வெறும் சுவரோடு இருந்த பழைய படம்தான் அமைதி என்று அப்பா அடித்துச் சொல்கிறார். வரைந்தவர் வைத்தது இருக்கட்டும் என்பது என் கட்சி. நீ பார்த்துவிட்டுச் சொல்.

அப்புறம் பீங்கான் கூடம். சீனாக்காரர்களின் பீங்கான் ரகசியத்தைக் கண்டுபிடிக்க அகஸ்டஸ் பொட்கர் என்ற ரசவாதியைக் காவலில் வைத்தே வேலை வாங்கினார். அதில்தான் 1710-இல் மைசன் பீங்கான் பட்டறை பிறந்தது. அந்தப் பட்டறைச் சிற்பி கென்ட்லர் செய்த பெரிய வெள்ளைப் பிராணிகள் அங்கே நிற்கின்றன. குட்டிக்குப் பால் கொடுக்கிற ஆட்டின் முன்னால்தான் நான் ரொம்ப நேரம் நின்றேன். அவ்வளவு பெரிய உருவத்தைச் சூளையில் வைத்தால் வெடிக்காமல் வராது. உடம்பில் விரிசல் ஓடுவது கண்ணாலேயே தெரிகிறது. ஆனாலும் தாய் ஆட்டின் அந்தப் பொறுமை அப்படியே இருக்கிறது.

அதே கூடத்தில் என்னைக் கலங்க வைத்ததும் ஒன்று உண்டு. ஆளுயரத்துக்குக் கிட்ட வரும் நீல வெள்ளைச் சீன ஜாடிகள். 1717-இல் அகஸ்டஸ் தன் குதிரைப்படை வீரர்கள் 600 பேரைப் பிரஷ்ய மன்னருக்குக் கொடுத்து, பதிலுக்கு 151 பீங்கான் சாமான்கள் வாங்கினார். அவற்றில் இந்த ஜாடிகளும் உண்டு. அந்த 600 பேரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தானே, பாப்பா? ஜாடி அழகாக இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கணக்கு தெரிந்த பிறகு வெறுமனே ரசித்துவிட்டு நகர என்னால் முடியவில்லை. உனக்கும் அது தெரிந்திருக்கட்டும்.

ஒரே டிக்கெட்டில் ஓவியம், பீங்கான், பழைய கடிகாரங்களும் பூகோள உருண்டைகளும் இருக்கிற கூடம் மூன்றையும் பார்க்கலாம். திங்கட்கிழமை மூடியிருக்கும், ஞாயிற்றுக்கிழமை போ. காலையிலேயே போனால் வெர்மீர் முன்னால் நிம்மதியாக நிற்கலாம். போகும்போது சாப்பிட்டுவிட்டுப் போ. பருப்புப் பொடி தீர்ந்துவிட்டதென்றால் சொல், அடுத்த பார்சலில் வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா