மனமே பார்த்தேன், மாமா

அன்புள்ள அண்ணாவியார் மாமாவுக்கு,

இரவிரவாக ஆடுகிற கூத்தை ஒன்றரை மணித்தியாலத்துக்குள் அடக்கினால் உயிர் போய்விடும் என்று, கூத்துப் பழக்கும் அண்ணாவியாரான நீங்கள் சொல்வீர்கள். போன சனிக்கிழமை கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் ‘மனமே’ என்ற சிங்கள நாடகத்தைப் பார்த்ததிலிருந்து இதை உங்களோடு பேச வேண்டும் போலிருக்கிறது.

1956 நவம்பர் 3ஆம் திகதி அது முதன்முதலில் மேடையேறியதும் இதே அரங்கில்தான். நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திர பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்துச் செய்தார். நடிப்பவர்கள் மாறிவிட்டார்கள், ஆட்டமும் பாட்டும் கைமாறி வந்துகொண்டே இருக்கின்றன.

காடு, மரம் என்று எந்தச் சோடனையும் இல்லை. மத்தளமும் பிற்பாட்டுக்காரரும் மேடையிலேயே இருக்கிறார்கள். கதைசொல்லியான பொத்தே குரு வந்து கதையைத் தொடக்கி வைக்கிறார், பாத்திரங்கள் வரவுப் பாட்டோடு ஆடி வருகின்றன. எனக்குச் சிங்களம் அரைகுறைதான், ஆனாலும் ஓரிடத்திலும் தடக்கவில்லை. தடக்காதுதானே! நம்முடைய கூத்து கரையோரக் கத்தோலிக்கர் வழியாகப் போய்ச் சிங்களத்தில் வேரூன்றிய வடிவம் அது. அந்த மரபில் ஊறிய சார்ல்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சேதான் மனமேக்கு இசை தந்தவர்.

வாள் கட்டத்தை நீங்கள் பார்க்க வேண்டும் மாமா. வேடர் அரசனை அமுக்கிப் பிடித்தபடி இளவரசன் வாளைக் கேட்கிறான். இளவரசி கொடுக்காமல் நிற்கிறாள். தன் ஆட்களை விலக்கிவிட்டுத் தனியாகப் பொருத வந்தவனைக் கொல்ல வேண்டாம் என்று கெஞ்சுகிறாள். அந்த இடைவெளிக்குள் எல்லாம் தலைகீழாகிவிடுகிறது. அன்றைக்கு அந்த இடத்தில் மத்தளம் அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பிள்ளையின் மணிக்கட்டு நடுங்குவது எனக்குப் பின்வரிசையிலிருந்தே தெரிந்தது. கர்ணன் விழும்போது நீங்களும் மத்தளத்தை இப்படித்தான் நிறுத்துவீர்கள்.

நம்மவர்களும் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். பேராசிரியர் வித்தியானந்தன் அதே பேராதனையில் 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’ என்று வடமோடிக் கூத்தைச் சுருக்கி மேடையேற்றினார். இராவணனாக ஆடிய மௌனகுரு சேர் பிறகு மட்டக்களப்பு மாணவர்களைக் கொண்டு அதைத் திரும்பவும் ஆட வைத்தார். வரவும் ஆட்டமும் பிற்பாட்டும் குறையாமல் இருந்தால் நேரம் குறைவதால் கூத்து சாகாது என்று நான் நம்புகிறேன். ஆடாமல் விட்டால்தான் சாகும்.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் கூத்துக் கொப்பியை எடுத்து, எந்தத் தருப் பாட்டில் கைவைக்கவே கூடாது என்று சிவப்புப் பேனையால் குறித்துத் தாருங்கள். மிச்சத்தைப் பிறகு இருந்து பேசுவோம். வெள்ளவத்தையில் ஆடத் தயாராகப் பொடியன்கள் இருக்கிறார்கள். சதங்கை கட்டிப் பழக்க நீங்கள்தான் வர வேண்டும், எங்கள் வீட்டிலேயே தங்கலாம். மாமியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்