413 பேர் வந்த ஆட்டம்

அன்புள்ள கண்ணா,

கிளப் சேனலில் விளையாட்டு வர்ணனையாளர் வேலைக்கென்று நீ அனுப்பிய ஒப்பந்தத்தை இரண்டு முறை படித்துவிட்டேன். சம்பளத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன், அதை மறைப்பானேன். ஆனால் முப்பது வருடம் மெய்ப்புத் திருத்திய கண் சும்மா இருக்குமா? கமா எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று தேடிக்கொண்டு போய், ஏழாவது பத்தியில் நின்றுவிட்டது. கிளப்பின் நற்பெயருக்குக் குந்தகம் விளைவிக்கும் எதையும் வர்ணனையாளர் சொல்லக் கூடாதாம். எது குந்தகம், அதை யார் தீர்மானிப்பார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. மறந்து விட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

உனக்குச் சம்பளம் தருவது சேனல், சேனல் கிளப்புடையது. அதாவது ஆடுகிறவர்களுக்கும் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசப்போகிற உனக்கும் ஒரே முதலாளி. சேனல் வேறு ஆளுடையதாக இருந்தாலும், மைக்கில் யார் உட்காருவது என்பதற்குப் பல இடங்களில் கிளப்பின் சம்மதம் வேண்டும். பார்க்கிறவர்களில் பலருக்கு இது தெரியாது. கழுத்தில் டையும் கையில் புள்ளிவிவரமுமாக உட்கார்ந்திருப்பவர் நடுநிலையாளர் என்றே நினைத்துக்கொள்வார்கள்.

கெவின் பிரவுன் விஷயத்தை நீதான் எனக்கு முதலில் சொன்னாய். அமெரிக்காவில், பால்டிமோர் ஓரியோல்ஸ் அணிக்குப் பெரும்பங்கு இருந்த சேனலில் பேஸ்பால் வர்ணனை செய்துகொண்டிருந்தவர். 2023 ஜூலையில் டாம்பா பே மைதானத்தில், ஆட்டம் தொடங்குவதற்கு முன், முந்தைய வருடங்களில் ஓரியோல்ஸ் அங்கே தொடர்ந்து உதை வாங்கியதையும் இந்த வருடம் நிலைமை மாறியதையும் சொன்னார். யோசித்துப் பார், அது பாராட்டுதானே! அந்த எண்களும் அணி நிர்வாகமே ஊடகங்களுக்குக் கொடுத்த குறிப்பில் இருந்தவைதான். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் ஆளைத் திரையில் காணவில்லை. அந்தப் பேச்சுக்காகத்தான் அவரை நிறுத்தி வைத்தார்கள் என்று ஆகஸ்டில் செய்தி கசிந்ததும் மற்ற அணிகளின் வர்ணனையாளர்களே கொதித்தார்கள். ரசிகர்கள் மைதானத்தில் அவர் பெயரைச் சொல்லிக் கோஷம் போட்டார்கள். இத்தனைக்கும் அந்த வருடம் அணி 101 ஆட்டம் ஜெயித்தது. ஜெயிக்கிற வருடத்திலேயே இப்படி என்றால், தோற்கிற வருடத்தில் என்ன நடக்கும்?

அவர் திரும்பி வந்தார். வருகிற நேரத்தில், தனக்கும் அணிக்கும் உள்ள உறவை ஊடகங்கள் தவறாகச் சித்தரித்துவிட்டன என்று ஓர் அறிக்கையும் விட்டார். மனதார எழுதியதாகவே இருக்கலாம். ஆனால் அப்படி ஓர் அறிக்கை எழுத வேண்டிய இடத்தில் என் பிள்ளை நிற்கக் கூடாது என்று நினைத்தேன்.

அதே கிளப்பில் 1996 சீசனுக்குப் பிறகு ஜான் மில்லர் என்ற வர்ணனையாளர் போக வேண்டி வந்தது. பேச்சில் அணியின் மேல் இன்னும் கொஞ்சம் பாசம் வழிய வேண்டும் என்று அப்போதைய முதலாளி எதிர்பார்த்தார். 2023-ல் கிளப்பை நடத்திக்கொண்டிருந்தவர் அந்த முதலாளியின் மகன். அப்பா எட்டடி, மகன் பதினாறடி. மில்லர் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனார், 2010-ல் பேஸ்பால் வர்ணனைக்கான ஃபோர்டு ஃபிரிக் விருதும் வாங்கினார். கிரிக்கெட்டிலும் இது இல்லாமல் இல்லை. 2016 ஐபிஎல்லில் வர்ணனையாளர் ஹர்ஷா போக்லே இல்லாமல் போனபோது, காரணம் என்னவென்று தனக்கே யாரும் சொல்லவில்லை என்றுதான் அவர் எழுதினார்.

ஆனால் நான் திரும்பத் திரும்ப நினைப்பது அந்தக் காலத்து அமெரிக்க பேஸ்பால் வர்ணனையாளர் ரெட் பார்பரைத்தான். வானொலியில் பேசும்போது மூன்று நிமிட மணல் கடிகாரம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்வாராம். மணல் இறங்கியதும் ஸ்கோரைச் சொல்லிவிட்டுத் திருப்பி வைப்பார். இப்போதுதான் வானொலியைத் திருகியவனுக்கும் ஸ்கோர் தெரிய வேண்டுமே! 1966-ல் அவர் நியூயார்க் யாங்கீஸ் அணிக்குத் தொலைக்காட்சியிலும் வர்ணனை செய்துகொண்டிருந்தார். அணி அந்த வருடம் கடைசி இடம். செப்டம்பர் 22 அன்று, அறுபதாயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய மைதானத்துக்கு வந்தவர்கள் 413 பேர். காலி இருக்கைகளைக் காட்டச் சொல்லிக் கேமராக்காரர்களைக் கேட்டார். காட்டக் கூடாது என்று பதில் வந்தது. சரி, கேமரா காட்டாவிட்டால் என்ன, வாய் இருக்கிறதே. இந்த மைதானத்தின் வரலாற்றிலேயே இதுதான் மிகச் சிறிய கூட்டம், இன்றைய செய்தி ஆட்டம் இல்லை, இந்தக் கூட்டம்தான் என்று மைக்கில் சொல்லிவிட்டார்.

சில நாளில் அணியின் புதுத் தலைவர் காலை உணவுக்குக் கூப்பிட்டார். ஒப்பந்தத்தை நீட்டிப்பது பற்றிப் பேசத்தான் என்று நினைத்துப் போனவரிடம், புதுப்பிக்கப் போவதில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அப்போது யாங்கீஸ் யாருடையது தெரியுமா? சிபிஎஸ் ஒளிபரப்பு நிறுவனத்துடையது. செய்தி சொல்வதையே தொழிலாக வைத்திருந்தவர்களுக்கே 413 என்ற எண் கசந்தது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் பழைய மேஜை ஞாபகம் வரும். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. நான் வேலை பார்த்த பத்திரிகையின் முதலாளிக்கு வேண்டப்பட்டவர் ஒரு விளையாட்டுப் போட்டி நடத்தினார். பார்க்க வந்தது இருநூறு பேர் என்று நிருபர் எழுதியிருந்தார். 'திரளான ரசிகர்கள்' என்று மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். இது பெரிய விஷயமில்லை. அடுத்த வருடம் அதே போட்டிச் செய்தி வந்தது. அப்போது யாரும் எதுவும் சொல்லவில்லை. நானாகவே எண்ணை அடித்துவிட்டுத் 'திரளான' என்று எழுதினேன். கை தானாகப் போயிற்று. வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

உன்னைப் பற்றி எனக்குள்ள பயமும் இதுதான். வேலையை விட்டு அனுப்பினால் வேறு வேலை தேடிக்கொள்வாய். வாய்க்கு வந்த வார்த்தையை நீயே விழுங்கப் பழகிவிட்டால் அது வெளியே யாருக்கும் தெரியாது, கொஞ்ச நாளில் உனக்கும் தெரியாது.

கையெழுத்துப் போடாதே என்று நான் சொல்லவில்லை. பார்பரிடம் தொழில் கற்ற வின் ஸ்கல்லி, 2016 வரை 67 சீசன் ஒரே அணிக்குப் பேசினார். அணிதான் சம்பளம் கொடுத்தது. ஆனாலும் எதிரணிக்காரன் நன்றாக ஆடினால் அதையும் ரசித்துச் சொல்வார். ஆக, முடியாத காரியம் இல்லை. நீ ஏழாவது பத்தியில் ஒரே ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேள்: களத்தில் நடந்ததையும், சரிபார்க்கக்கூடிய எண்களையும், வந்த கூட்டத்தையும் சொல்வது குந்தகம் ஆகாது. அவர்கள் சிரித்து மழுப்பலாம். மழுப்பினால் எப்படி மழுப்பினார்கள் என்பதையும் எனக்கு எழுது. அப்புறம், ஒரு நோட்டு வாங்கிக்கொள். சொல்ல நினைத்து விட்டுவிட்டதை ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் அதில் எழுதி வை. அதை யாருக்கும் காட்ட வேண்டாம், எனக்கும்கூட.

ஒன்பதாவது பக்கம் கலங்கலாக வந்திருக்கிறது. கடைசி மூன்று வரி படிக்கவே முடியவில்லை. வெளிச்சத்தில் வைத்துப் படமெடுத்து மறுபடி அனுப்பு. அதுவரை கையெழுத்து வேண்டாம்.

அன்புடன்,
அம்மா