சட்டி பானையோடு முடியவில்லை

ஆசிரியருக்கு,

இரண்டாம் உலகப் போரில் வீட்டுப் பாத்திரங்களை உருக்கிப் போர் விமானம் செய்தார்கள் என்று உங்கள் கட்டுரையில் படித்தேன். பாதிதான் சரி. 1940 ஜூலையில் பிரிட்டனின் விமான உற்பத்தி அமைச்சர் பீவர்புரூக் கேட்டுக்கொண்டதும், மக்கள் அலுமினியச் சட்டி, கெட்டில் எல்லாவற்றையும் கொண்டுவந்து குவித்தது நிஜம். ஆனால் விமானத்துக்குக் கலவை விகிதம் பிசகாத உலோகம் வேண்டும். இரும்பு ஆணியும் கைப்பிடியும் கலந்த பழைய பாத்திரத்தை உருக்கினால் அந்தத் தரம் லேசில் வராது. போரில் தமக்கும் பங்குண்டு என்ற உற்சாகம் மக்களுக்கு வந்தது. அமைச்சருக்கு அதுவே பெரிய லாபமாக இருந்திருக்கும்.

தட்டுப்பாடு தொழிற்சாலைகளை எப்படி ஆட்டிவைத்தது என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். 1942 பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தியையே நிறுத்தினார்கள். செம்பு தோட்டாவுக்குப் போய்விட்டதால் 1943-இல் ஒரு சென்ட் நாணயம் துத்தநாகம் பூசிய எஃகில் வந்தது. புதிதில் பளபளத்து, பத்து சென்ட் நாணயமோ என்று ஏமாற்றியது, அப்புறம் துருப்பிடித்தது.

இன்னொரு கூத்து, அணுகுண்டுத் திட்டத்தில். யுரேனியத்தைப் பிரிக்கும் ராட்சத மின்காந்தங்களுக்குச் சுற்றச் செம்பு போதவில்லை. வெள்ளியும் நன்றாக மின்சாரம் கடத்தும் என்பதால் அரசுக் கருவூலத்திலிருந்து 14,000 டன்னுக்கு மேல் வெள்ளியைக் கடன் வாங்கினார்கள். மலிவான உலோகம் கிடைக்காமல் வெள்ளியில் சுருள்! அதன் கடைசிப் பகுதி கருவூலத்துக்குத் திரும்பியது 1970-இல்தான்.

கட்டுரையாளர் இரண்டாம் பகுதி எழுதுவதாக இருந்தால், இந்தப் பங்கீட்டு விவகாரத்தையும் கொஞ்சம் விரிவாகத் தொடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்