ஐவன் மேஜர் நினைவு நாள் – ஏப்ரல் 16

அனைவருக்கும் வணக்கம். நம் ஸ்பீட்வே (மண் தடத்தில் ஓட்டும் மோட்டார் சைக்கிள் பந்தயம்) நாயகன் ஐவன் மேஜர் 2018 ஏப்ரல் 16 அன்று காலமானார். இந்த வருஷமும் அதே தேதியில், மாலை 6 மணிக்கு, தண்டையார்பேட்டைப் பட்டறையில் கூடுகிறோம்.

புதிதாகச் சேர்ந்த தம்பிகளுக்கு: அவர் நியூசிலாந்துக்காரர். 1968, 69, 70 என்று வரிசையாக மூன்று முறை, அப்புறம் 1972, 77, 79. மொத்தம் ஆறு முறை தனிநபர் உலக சாம்பியன். வண்டி 500 சிசி, ஒரே கியர், எரிபொருள் மெத்தனால், பிரேக்கே கிடையாது! நான்கு பேர், நான்கு சுற்று, எல்லா வளைவும் இடப்பக்கம்தான். இடது பூட்ஸில் மாட்டிய இரும்புத் தகடு தரையில் உரச, பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டே வளைய வேண்டும். அதில் 39 வயதில் பட்டம் வெல்வது எப்பேர்ப்பட்ட காரியம் என்பது தினமும் வண்டியோடு கிடக்கிற நமக்குத் தெரியும்.

நம் மூத்த மெக்கானிக் அண்ணன் ஸ்பேனர் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வைத்திருக்கும் மேஜர் படத்தைக் கொண்டு வருகிறார். ஓரமெல்லாம் கிரீஸ் கறை. துடைக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

சோழவரம் ஓடுதளத்தில் அந்தக் காலப் பந்தயங்களைப் பார்த்த பெரியவர்கள் அவசியம் வாருங்கள். அந்தக் கதைகளையும் கேட்க வேண்டும். டீ, சமோசா உண்டு. வருகிறவர்கள் முன்கூட்டியே இங்கே சொல்லிவிடுங்கள்.