பெருனா, பொட்டு, கார்த்தோஹ்கா

அன்புள்ள முரளி,

நான் கடிதமே போடவில்லை என்று நீ திட்டி எழுதியது கிடைத்தது. வேலை கழுத்தை நெரிக்கிறது, அவ்வளவுதான். அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? வாத்தியார் வீட்டுக் கல்யாணத்துக்கு நீயாவது தலையைக் காட்டினாயா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்ச நாளாக உருளைக்கிழங்குப் பைத்தியம் பிடித்து அலைகிறேன். பின்னிஷ் மொழி வகுப்பில் அதற்கு 'பெருனா' என்று சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே பின்லாந்தின் ஓலு நகரச் சந்தையில் கிழங்கு விற்கிற பாட்டியோ, மண்ணைத் தட்டிப் பையில் போட்டபடி 'பொட்டு' என்கிறார். காதில் கேட்டால் கிட்டத்தட்ட நம் நெற்றிப் பொட்டேதான்! இந்த ஊரின் பேர்போன சாப்பாடே ரோஸ்ஸுபொட்டு. இரத்தப் புட்டும் பன்றிக்கறியும் உருளைக்கிழங்கும் போட்ட சூப். சைவப் பிள்ளை நீ, முகம் சுளிக்காதே.

தோண்டிப் பார்த்தால் ஒவ்வொரு பெயரும் ஒரு வழியாக வந்திருக்கிறது. பெருனா, ஸ்வீடிஷ்காரர்களின் 'பேரோன்', அதாவது பேரிக்காய். மண்ணில் விளையும் பேரிக்காய் என்றுதான் முதலில் சொல்லியிருக்கிறார்கள். பின்னிஷில் பேரிக்காயின் பெயரும் அதே சொல்லிலிருந்து வந்ததுதான். பொட்டுவும் ஸ்வீடிஷ் வழிதான், ஆனால் உருளைக்கிழங்குக்கு அவர்கள் சொல்லும் 'பொத்தாத்திஸ்' சுருங்கியது. அதன் வேரைப் பிடித்துக்கொண்டு போனால் ஸ்பானியர் வழியாகக் கரீபியத் தீவுகளின் சர்க்கரைவள்ளிக் கிழங்கில் போய் நிற்கிறது. கிழக்கே, ரஷ்ய எல்லையை ஒட்டிய கரேலியாவின் மொழியில் 'கார்த்தோஹ்கா'. அது ரஷ்யாவிலிருந்து வந்தது, ரஷ்யர்களுக்கு ஜெர்மானியர் கொடுத்தது.

உருளைக்கிழங்கு பின்லாந்துக்கு வந்ததே 1730-களில்தான். தெற்கே ஃபாகர்விக் இரும்பாலைக்கு வந்த ஜெர்மன் தகரக் கொல்லர்கள் பயிரிட்டிருக்கிறார்கள். அதுவரை டர்னிப்தான் ஏழைகளின் சோறு. அப்புறம் 1757-ல் ஸ்வீடனுக்கும் பிரஷ்யாவுக்கும் இடையே தொடங்கிய பொமரேனியப் போருக்குப் போன சிப்பாய்கள் திரும்பும்போது உருளைக்கிழங்கின் ருசியோடு வந்தார்கள்.

முரளி, கார்த்தோஹ்காவை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பின்லாந்துக் கரேலியாவின் பெரும்பகுதி சோவியத் கைக்குப் போனது. நாலு லட்சம் பேருக்கு மேல் ஊரைவிட்டு வந்து நாடெங்கும் சிதறிக் குடியேறினார்கள். அவர்களில் எல்லைப்புறத்துக் கரேலியர்களின் மொழியே வேறு. மற்றவர்களின் கேலிக்கு அஞ்சிப் பிள்ளைகளிடம் அதைப் பேசாமலே விட்டவர்கள் பலர். நிலம் போனது ஒரு நாளில், பேச்சு போனது ஒரு தலைமுறையில். இதை நான் எப்படிச் சும்மா படித்துவிட்டுப் போவது? அந்த வழி வந்த ஒரு முதியவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைத்தால் உட்காரவைத்துக் கேட்கப் போகிறேன்.

ஜூன் கடைசியில் கிளம்பி வா. புதுக்கிழங்கு வரும் நேரம், வெண்ணெயும் சதகுப்பையும் போட்டு வேகவைத்துத் தருகிறேன். விசாவுக்கு இப்போதே எழுதிப்போடு, போன தடவை மாதிரி இழுக்காதே.

அன்புடன்,
ரவி