கையால் போட்ட கணக்கு

பெல்வியூ, வாஷிங்டன் மாநிலம்
20.2.2016

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? இங்கே மழை விட்டபாடில்லை. ஆபீஸ் முடிந்து கிளம்பும்போதே இருட்டிவிடுகிறது.

போன வாரம் போனில், "ஜெயில்ல இருந்து ஆயிரக்கணக்கான பேரைத் தப்பா விட்டுட்டாங்களாமே, நீ இருக்கற பக்கம்தானாமே" என்று கேட்டீர்கள். அம்மா பயந்துவிடுவாள் என்று அப்போது பேச்சை மாற்றிவிட்டேன். உங்களுக்கு முழுதாகச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

செய்தி உண்மைதான். போன டிசம்பர் 22 அன்று கவர்னர் ஜே இன்ஸ்லி அறிவித்தார். 2002 முதல் 13 வருடமாக, 3,200 பேர் வரை தண்டனை முடியும் முன்பே வெளியே போயிருக்கிறார்கள். பெரும்பாலும் சில வாரங்கள், ஒன்றிரண்டு மாதங்கள்தான் முன்கூட்டி. யாரும் சுவரேறிக் குதிக்கவில்லை, லஞ்சம் கொடுக்கவில்லை. கம்ப்யூட்டர் சொன்ன தேதியில் கதவைத் திறந்தார்கள், நடந்து போனார்கள்.

கணக்கு இதுதான் அப்பா. ஒருவருக்கு ஐந்து வருடத் தண்டனை. குற்றம் செய்யும்போது துப்பாக்கி வைத்திருந்ததால் கூடுதலாக மூன்று வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒழுங்காக நடந்துகொண்டால் கொஞ்ச நாள் கழிப்பார்கள். அந்தக் கழிவு ஐந்து வருடத்துக்கு மட்டும்தான். கூடுதல் மூன்றில் ஒரு நாளைக்கூடத் தொடக் கூடாது என்பது சட்டம். 2002-இல் மாநில உச்ச நீதிமன்றம், மாவட்டச் சிறையில் இருந்தபோது சேர்த்த கழிவையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அதற்காக மென்பொருளை மாற்றியவர்கள், தொடக் கூடாத அந்தக் காலத்துக்கும் சேர்த்துக் கழிவு போட்டுவிட்டார்கள்.

தப்பு நடப்பது எனக்குப் புரிகிறது. மென்பொருளைச் சோதிக்கிற வேலையில் இருக்கிறேன், தினமும் இப்படித் தப்புகளைத்தான் பார்க்கிறேன். அதற்குப் பிறகு நடந்ததுதான் மனதை அறுக்கிறது.

2012 டிசம்பரில், பாதிக்கப்பட்ட ஒருவரின் குடும்பத்துக்கு, தாக்கியவன் வெளியே வரப்போகிற தேதி தெரிய வந்தது. அவர்கள் உட்கார்ந்து கையால் கணக்குப் போட்டார்கள். 45 நாள் இடித்தது. சிறைத்துறைக்குச் சொன்னார்கள். அதைப் படித்ததும் உங்கள் ஞாபகம்தான் வந்தது. கருவூலத்தில் கம்ப்யூட்டர் வந்த பிறகும், சிவப்புப் பென்சிலால் ஒவ்வொரு பில்லையும் ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவீர்கள். பெரிய துறைக்கு 10 வருடமாகக் கண்ணில் படாதது, அந்தக் குடும்பத்துக்கு ஒரு தாளில் பட்டுவிட்டது. அவர்களுக்கு அந்த ஒவ்வொரு நாளும் முக்கியம்.

சரி, சொன்னவுடன் திருத்தினார்களா? இல்லை. எல்லோருடைய தேதியையும் கையால் போட்டுப் பார்க்கத் தேவையில்லை என்று அரசு வழக்கறிஞர் ஒருவர் ஆலோசனை சொன்னார். மென்பொருளைத் திருத்தும் வேலை 16 முறை தள்ளிப்போனது. மூன்று வருடம் அப்பா! அந்த மூன்று வருடமும் ஆட்கள் வெளியே போய்க்கொண்டே இருந்தார்கள்.

2015 மே மாதம், மாநிலத்தின் கிழக்குக் கோடியில் உள்ள ஸ்போகேனில் 17 வயதுப் பையன் ஒருவன் சுட்டுக் கொல்லப்பட்டான். நவம்பரில், நான் இருக்கும் இதே பெல்வியூவில், கார் விபத்தில் ஒரு பெண் இறந்தார். இரண்டு வழக்கிலும் குற்றம் சாட்டப்பட்டவர்கள் அன்றைக்குச் சிறையில் இருந்திருக்க வேண்டியவர்கள்.

விடுதலையானவர்களையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. தேதியை அவர்களா குறித்தார்கள்? வெளியே வந்து வேலை தேடி, வாடகைக்கு வீடு பிடித்து, பிள்ளைகளோடு சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். நல்லவேளை, தவறாக விட்டாலும் வெளியே ஒழுங்காக இருந்த நாட்களைத் தண்டனை நாட்களாகவே எண்ண வேண்டும் என்று இங்கே ஏற்கெனவே தீர்ப்பு உண்டு. அதனால் பெரும்பாலானோர் திரும்பிப் போக வேண்டியதில்லை. ஆனாலும் சிலரை மறுபடி உள்ளே அழைத்திருக்கிறார்கள். அந்த வீட்டுக் குழந்தைகளிடம் என்ன சொல்லியிருப்பார்கள்?

மென்பொருளைத் திருத்தும்வரை, கையால் சரிபார்க்காமல் யாரையும் விடக் கூடாது என்று கவர்னர் உத்தரவு போட்டார். ஜனவரியில் திருத்திவிட்டார்கள். சிறைத்துறைச் செயலாளர் டான் பாகோல்கி இந்த மாதம் ராஜினாமாவை அறிவித்தார். அவர் பதவிக்கு வந்ததே போன அக்டோபரில்தான்.

எங்கள் ஆபீஸிலும் ஒரு பட்டியல் இருக்கிறது அப்பா, "பிறகு பார்க்கலாம்" என்று ஒதுக்கிய தப்புகள். 'அடுத்த ரிலீஸில் பார்த்துக்கலாம்' என்று நானே எத்தனை முறை எழுதியிருக்கிறேன். அந்தச் செய்திக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து, என் பெயரில் இருந்தவை எல்லாவற்றையும் மறுபடி படித்தேன். இரண்டில், மென்பொருள் காட்டும் எண்ணை நம்பி வெளியே யாரோ ஒருவர் காத்திருக்கிறார் என்று தெரிந்தது. திங்கட்கிழமை மேலாளரிடம் போய், இவை காத்திருக்க முடியாது என்று சொன்னேன். ஒன்றைத் திருத்திவிட்டோம். இன்னொன்றுக்காக அவரை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எனக்குப் பயம் ஒன்றும் இல்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்
வித்யா