சாலை இருக்கட்டும், எல்லை வாயிலைத் திறவுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இந்தியா-மியான்மர்-தாய்லாந்து நெடுஞ்சாலை இழுபறியாவதைப் பற்றிய தங்கள் தலையங்கம் கண்டேன். மணிப்பூரின் எல்லை ஊரான மோரேயில் தொடங்கித் தாய்லாந்தின் மே சோட் வரை சுமார் 1,360 கிலோமீட்டர். 2002 முதல் பேச்சு நடக்கிறது. மியான்மருக்குள் தமு-கலேவா ஊர்களுக்கு இடையே 69 பாலங்களை மாற்றிக் கட்டும் வேலை ஒன்றே ஆண்டுக்கணக்கில் இழுத்தது. எல்லாம் சரி. சாலை தொடங்கும் மோரேயைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

எனக்கென்ன அக்கறை என்றால், நான் ரங்கூனில் பிறந்தவன். 1962இல் பர்மாவில் ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்து, அடுத்த சில ஆண்டுகளில் கடைகளையெல்லாம் நாட்டுடைமையாக்கியபோது கப்பலேறிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. நாங்கள் வியாசர்பாடியில் தங்கினோம். சித்தப்பாவுக்கு மெட்ராஸ் ஒட்டவில்லை. தரை வழியாகவாவது பர்மாவுக்குத் திரும்பிவிடலாம் என்று வடகிழக்கே போனவர்களோடு அவரும் கிளம்பினார். எல்லையில் தடுக்கப்பட்டவர்கள் மோரேயிலேயே தங்கிவிட்டார்கள். அங்காளபரமேசுவரிக்குக் கோயில் எழுப்பினார்கள், தமிழ்ச் சங்கம் வைத்தார்கள். சித்தப்பாவின் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், கடையில் மணிப்புரியும் பர்மிய மொழியும்.

1995 ஏப்ரலில் அங்கே எல்லை வணிகம் முறைப்படி தொடங்கியது. 22 பொருள்களுக்கு அனுமதி தந்த தில்லி, பிறகு அதை 62 ஆக்கியது. ஆனால் ஊருக்குச் சோறு போட்டது அந்தப் பட்டியல் என்று சித்தப்பா வீட்டில் யாரும் சொல்லமாட்டார்கள். காலையில் எல்லை வாயில் திறந்ததும் அனுமதிச் சீட்டோடு தமு பக்கத்து நம்பலாங் சந்தைக்கு நடந்துபோய், போர்வையும் செருப்பும் பிளாஸ்டிக் வாளியும் வாங்கிக்கொண்டு மாலைக்குள் திரும்புகிற கூட்டம்தான் எல்லாம். இம்பாலிலிருந்து வேன் வேனாக வருவார்கள். அந்தப் பக்கத்துக்காரர்கள் மருந்துக்கும் துணிக்கும் இங்கே வருவார்கள். வந்தவர்கள் சாப்பிட இட்லிக் கடைகளும் இருந்தன.

தென்கிழக்காசிய நாடுகளோடு உறவை வளர்க்க நரசிம்ம ராவ் காலத்தில் ‘கிழக்கு நோக்கும் கொள்கை’ வந்தது. 2014இல் மோடி அதைக் ‘கிழக்கில் செயல்படும் கொள்கை’ ஆக்கினார். ஆனால் 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மோரே வாயில் மூடப்பட்டது. 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, 2023 மே மாதம் இங்கே இனமோதலில் மணிப்பூர் பற்றி எரிந்தது. மோரேயிலும் வீடுகள் சாம்பலாயின. பழைய நிலைக்கு ஊர் திரும்பவே இல்லை.

எல்லையோர மக்கள் விசாவின்றிப் போய்வரும் தூரம் ஒருகாலத்தில் 40 கிலோமீட்டர். 2004இல் அது 16 ஆனது, 2024 இறுதியில் 10 ஆனது. 1,643 கிலோமீட்டர் எல்லை முழுவதும் வேலி போடப்போவதாக அறிவிப்பும் வந்தது. நாகாலாந்து, மிசோரம் சட்டமன்றங்கள் இரண்டும் 2024இலேயே எதிர்த்துத் தீர்மானம் போட்டன. எல்லைக்கோடு ஊர்த் தலைவர் வீட்டுக்குள்ளேயே ஓடுகிற, நாகாலாந்தின் லாங்வா போன்ற ஊர்களை வைத்திருப்பவர்கள் வேறென்ன செய்வார்கள்?

போதைப்பொருளும் ஆயுதமும் வருகின்றன என்ற அச்சத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அவற்றைக் கடத்துகிறவன் வாயிலில் வரிசையில் நின்று முத்திரை வாங்கிக்கொண்டா வருகிறான்? அவனுக்குக் காடு இருக்கிறது. வாயிலை அடைத்தால் நஷ்டம் வாளி வாங்கப் போகிறவளுக்குத்தான்.

வெளியுறவு அமைச்சகத்திடம் நான் கேட்பது நெடுஞ்சாலை அல்ல. அது எப்போது வருமோ வரட்டும். பகலில் போய் மாலையில் திரும்பும் அனுமதியை மோரேயில் முழுமையாக மீட்டுத் தரட்டும். அதற்கான விதிகளைத் தில்லியில் உட்கார்ந்து எழுதாமல் குக்கி, மைதேயி, தமிழ், நேபாள வணிகர்களைக் கேட்டு எழுதட்டும். அக்கரையில் அந்தந்த இடம் யார் கையில் இருக்கிறதோ அவர்களோடும் பேசியாக வேண்டும். மியான்மர் வழியாக மிசோரமுக்குக் கடல், ஆறு, சாலை என வழி அமைக்கும் கலாதான் திட்டத்தின் பலேத்வா நகரம், 2024 ஜனவரியில் அந்நாட்டு ராணுவத்தை எதிர்த்துப் போரிடும் அரக்கான் படையிடம் போய்விட்டது. தலைநகர் நேப்பிடோவில் இருக்கும் ஆட்சியாளர்களுடன் மட்டும் பேசி அங்கே என்ன சாலை போட முடியும்?

அடுத்த தலையங்கத்துக்கு முன் நிருபர் ஒருவரை அனுப்பிப் பாருங்கள். இம்பாலிலிருந்து மோரே சுமார் 110 கிலோமீட்டர்தான். மலைப்பாதை, சோதனைச் சாவடிகள் அதிகம். காலையிலேயே கிளம்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பர்மாவிலிருந்து திரும்பிய வாசகர் ஒருவர்,
வியாசர்பாடி, சென்னை